முருகைக்கல்லும் முக்கோணியும்: கணினி வரைகலையில் அடிப்படைத் திண்மங்கள்

கணினித் திரையில் ஒரு கோளத்தை வரைந்து காட்டும் வரைகலைச் செயலிக்குக் கோளம் என்றொரு வடிவம் இருப்பதே தெரியாது. சதுரமுகி, உருளை, கூம்பு, கூம்பகம் என்று பாடசாலைக் கேத்திரகணிதம் பெயரிட்டுப் பழக்கிய திண்மங்களுள் ஒன்றையேனும் அது அறிந்திருப்பதில்லை. அது அறிந்தவை புள்ளியும் கோட்டுத்துண்டும் முக்கோணியும் மட்டுமே. எத்துணை வளைந்த பரப்பாயினும் அதனைச் சிறு சிறு முக்கோணிகளாக வெட்டி, ஒவ்வொரு முக்கோணியினதும் மூன்று உச்சிகளின் ஆள்கூறுகளை எண்களாக எழுதி, அவ்வெண்களின் வரிசையைச் செயலியின் நினைவகத்துக்கு அனுப்புவதே முப்பரிமாண வரைதல் எனப்படுவது. இவ்வேலையைச் செய்வதற்கு வேண்டிய கட்டளைகளை ஒருங்குதிரட்டி, எந்த நிரலரும் எடுத்தாளக்கூடிய வடிவில் தொகுத்து வைத்திருக்கும் மென்பொருளே வரைகலை நூலகம்.

அந்த நூலகத்தைக் கொண்டு அடிப்படைத் திண்மங்களை வரையும் முறையை இவ்வுரை யாழ்ப்பாணக் குடாநாட்டின் கட்டடங்களை முன்வைத்து விளக்குகிறது. உலகெங்கும் இப்பாடத்துக்கு எடுத்துக்காட்டாக நிற்பது ஒரு தேநீர்க் கெண்டி. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் 1975ஆம் ஆண்டில் தம் வீட்டுக் கெண்டியைப் பார்த்து அமைத்த எண்தொகுதி அது. கெண்டியில் குறையொன்றும் இல்லை. ஆயினும் கந்தரோடையின் குவிமாடங்களையும் ஐங்கோணி வடிவக் கோட்டையையும் கிணற்றடித் துலாவையும் கண்டு வளர்ந்த மாணவருக்கு, அவற்றைவிடப் பொருத்தமான பயிற்சிநூல் வேறு தேவையில்லை என்பது இவ்வுரையின் துணிபு.

வரைகலை நூலகங்களின் வரலாற்றில் ஒரு பகுதியை இங்கு சுருக்கமாகச் சொல்லவேண்டும். ஏனெனில் அவ்வரலாறு குடாநாட்டின் வரலாற்றோடு ஒரு வினோதமான முறையில் குறுக்கிடுகிறது. சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனம் 1992இல் ஓப்பன்ஜிஎல் என்னும் நூலகத்தின் முதற் பதிப்பை வெளியிட்டது. அதனைச் சுற்றி எழுந்த துணைநூலகங்களுள் மார்க் கில்கார்ட் எழுதிய குளூட் என்பது மாணவர் மத்தியில் பெரிதும் பரவியது. காரணம், கோளம், கூம்பு, சதுரமுகி, வளையம், நான்முகி முதலான திண்மங்களையும், மேற்சொன்ன கெண்டியையுங்கூட, ஒற்றை வரிக் கட்டளையால் திரைக்குக் கொண்டுவரும் வசதி அதில் இருந்தது. உலகின் பிற பகுதிகளில் ஒரு தலைமுறை இந்த ஒற்றை வரிகளால் வரைகலை கற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பொது மின்வழங்கலே இருக்கவில்லை. 1990இல், உள்நாட்டுப் போரின்போது, துண்டிக்கப்பட்ட மின்சாரத்துக்குப் பதிலாக வீடுகளில் எரிந்தவை சிறு எண்ணெய் விளக்குகள். பின்னர் மின்சாரமும் கணினியும் இணையமும் வந்துசேர்ந்து, வரைகலை கற்பது சாதாரண மாணவருக்கும் கைகூடும் காலத்தில் ஓப்பன்ஜிஎல் வேறொன்றாக மாறியிருந்தது. 2008இல் வந்த ஓப்பன்ஜிஎல் 3.0 பதிப்பு பழைய கட்டளைகளுட் பலவற்றைக் கைவிடத்தக்கவை என அறிவித்தது. அடுத்த ஆண்டின் 3.1 பதிப்பு அவற்றை நீக்கியது. இன்று இணைய உலாவிக்குள் இயங்கும் வெப்ஜிஎல் நூலகம், 2011இல் முதன்முதல் வெளிவந்தபோதே, திண்மங்களுக்கெனக் கட்டளை எதுவுமின்றித்தான் வெளிவந்தது. உச்சிகளை எழுதுவதும், அவற்றைத் திரைக்கு மாற்றும் ஷேடர் என்னும் சிறு நிரல்களை எழுதுவதும் நிரலரின் பொறுப்பாயின.

இதனை இழப்பு என்று கருதுவோர் உளர். ஒற்றை வரியில் கோளம் கிடைத்த காலத்தில், அக்கோளம் எத்தனை முகங்களால் ஆனது, அதன்மீது ஒளி எவ்வாறு விழுகிறது என்பவற்றை அறியாமலே பாடம் முடிந்துவிட்டது என்பதைச் சேர்த்து நோக்கினால் அவ்விழப்பு அவ்வளவு பெரிதன்று. மேலும், உச்சிகளைத் தாமே கணிப்பதற்கு வேண்டிய திரிகோணகணிதம், காவி, தாயம் என்பவற்றின் முதற்பாடங்கள் சாதாரண தரக் கணிதத்திலும் உயர்தர இணைந்த கணிதத்திலும் தமிழிலேயே கற்பிக்கப்படுகின்றன. வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய செமினரியின் வழிவந்த கரோல் விசுவநாதபிள்ளை 1855இல் தமிழில் இயற்கணித நூலொன்றை வெளியிட்ட மண் இது. கணிதம் இங்கு புதிதாக வந்திறங்கிய சரக்கன்று.

முதலில் கோளம். சுன்னாகத்துக்கு அண்மையில் உள்ள கந்தரோடையில், முருகைக்கல்லால் கட்டப்பட்ட சிறிய குவிமாடங்கள் கூட்டமாக நிற்கின்றன. போல் ஈ. பீரிஸ் 1917இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையால் அவை பரந்த கவனத்தைப் பெற்றன. அவற்றின் காலமும் அவற்றைக் கட்டியோரின் அடையாளமும் வரலாற்றாசிரியர்கள் வாதிடும் விடயங்கள். வரைகலை மாணவருக்கு வேண்டியது அவற்றின் வடிவம். ஒவ்வொன்றும் ஒரு குறுகிய வட்ட அடித்தளத்தின்மேல் அமர்ந்த அரைக்கோளம். அளவால் ஒன்றற்கொன்று வேறுபட்டவை. ஆகவே ஆரை 1 ஆன ஓர் அரைக்கோளத்தை ஒருமுறை கட்டிவிட்டால், அதனையே அளவு மாற்றி, இடம் பெயர்த்துக் கூட்டம் முழுவதையும் அமைத்துவிடலாம்.

கட்டுவதற்கு உதவுவது புவியியற் பாடத்தின் அகலக்கோடும் நெடுங்கோடும். கோளத்தின் மேலுள்ள எந்தப் புள்ளியையும் இரண்டு கோணங்கள் குறித்துவிடும்: நடுத்தளத்திலிருந்து அது எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்னும் ஏற்றக்கோணம் ஒன்று, நிலைக்குத்து அச்சைச் சுற்றி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்னும் சுற்றுக்கோணம் மற்றொன்று. புள்ளியின் உயரம், ஆரையை ஏற்றக்கோணத்தின் சைனால் பெருக்க வருவது. அச்சிலிருந்து அதன் கிடைத்தூரம், ஆரையை ஏற்றக்கோணத்தின் கோசைனால் பெருக்க வருவது. அக்கிடைத்தூரத்தைச் சுற்றுக்கோணத்தின் கோசைனாலும் சைனாலும் தனித்தனியே பெருக்கினால் எஞ்சிய இரண்டு ஆள்கூறுகளும் கிடைக்கும். சுற்றுக்கோணத்தை 32 பங்காகவும், அடியிலிருந்து உச்சிவரையான ஏற்றக்கோணத்தை 8 பங்காகவும் பிரித்தால், குவிமாடத்தின்மேல் ஒரு வலை விரிகிறது. வலையின் கண்கள் நாற்பக்கல்கள். ஒவ்வொன்றையும் மூலைவிட்டத்தால் இரண்டு முக்கோணிகளாக வெட்டவேண்டும். உச்சியைத் தொடும் மேல்வரிசையில் மட்டும் நாற்பக்கலின் ஒரு பக்கம் சுருங்கிப் புள்ளியாகிவிடுவதால் ஒரு முக்கோணியே எஞ்சும். ஏழு வரிசைகளில் 448, மேல்வரிசையில் 32 எனக் குவிமாடத்துக்கு 480 முக்கோணிகள். இதே வலையைக் கீழ்ப்பாதிக்கும் விரித்து முழுக்கோளம் ஆக்கினால் 960 முக்கோணிகளும் 482 உச்சிகளும் வரும். உச்சிகளின் தொகையோடு முகங்களின் தொகையைக் கூட்டி விளிம்புகளின் தொகையைக் கழித்தால் 2 வரவேண்டும் என்னும் ஓயிலரின் விதியைக் கொண்டு இதனைச் சரிபார்க்கலாம்: விளிம்புகள் 1440, விடை 2. வலையில் ஓரிடத்தில் ஓட்டை விழுந்திருந்தாலோ ஒரு முக்கோணி விடுபட்டிருந்தாலோ இவ்விதி உடனே காட்டிக்கொடுக்கும்; திரையில் கண் காணத் தவறும் பிழைகளை எண்கணிதம் பிடிப்பதற்கு இது நல்ல சான்று.

32 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயமான கேள்வி. வட்டத்தைப் பல்கோணியாக்கும்போது பக்கத்தின் நடுப்புள்ளி உண்மையான வட்டத்திலிருந்து உள்வாங்கி நிற்கிறது. உள்வாங்கும் அளவு, ஒரு பங்கின் அரைக்கோணத்துக் கோசைனை 1இலிருந்து கழித்து ஆரையால் பெருக்கினால் வரும். 12 பங்குகளாயின் அது ஆரையில் ஏறத்தாழ 3.4 சதவீதம், 32 பங்குகளாயின் அரைச் சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஒரு மீற்றர் ஆரையுள்ள குவிமாடத்தில் பின்னது ஐந்து மில்லிமீற்றரைத் தாண்டாது. கையால் கொத்திய முருகைக்கல்லின் ஒழுங்கின்மைக்குள் அது மறைந்துவிடும். இதற்குமேலும் பங்குகளைக் கூட்டுவது செயலிக்குச் சுமையைக் கூட்டுமே அன்றிப் படத்துக்கு ஒன்றையும் சேர்க்காது. திரீ.ஜேஎஸ் என்னும் பரவலான இணைய வரைகலை நூலகமும், வேறு எண் குறிப்பிடப்படாதபோது, கோளத்தைச் சுற்றிலும் 32, மேல்கீழாக 16 என்றே பிரிக்கிறது.

வடிவம் அமைந்தபின் ஒளி. ஒரு பரப்பு எவ்வளவு வெளிச்சமாகத் தெரியவேண்டும் என்பதை அப்பரப்புக்குச் செங்குத்தாக வெளிநோக்கி நிற்கும் செவ்வன் என்னும் காவி தீர்மானிக்கிறது. ஒளி வரும் திசைக்கும் செவ்வனுக்கும் இடைப்பட்ட கோணத்தின் கோசைனுக்கு விகிதசமமாக வெளிச்சம் அமையும் என்பது லம்பேர்ட் 1760இல் நிறுவிய விதி. இன்றைய செயலிகளும் அவ்விதியையே நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை கணிக்கின்றன. கோளத்தில் செவ்வனைக் காண்பதைப்போல் எளிய வேலை வேறில்லை: மையத்திலிருந்து புள்ளிக்குச் செல்லும் காவியே செவ்வன். ஒவ்வொரு முக்கோணிக்கும் ஒரே செவ்வனைக் கொடுத்தால் குவிமாடம் பட்டைதீட்டிய கல்லைப்போலத் தெரியும்; உச்சிக்கு உச்சி செவ்வனைக் கொடுத்து, இடைப்பட்ட புள்ளிகளுக்கு அவற்றைக் கலந்து கணித்தால் அதே 480 முக்கோணிகள் வழுவழுப்பான வளைவாகத் தோன்றும். உச்சிகளில் ஒளியைக் கணித்து நிறத்தைக் கலக்கும் முறையை ஹென்றி கூரோ 1971இல் வெளியிட்டார். செவ்வன்களையே கலந்து புள்ளிக்குப் புள்ளி ஒளியைக் கணிக்கும் முறை, யூட்டாவில் பயின்ற வியட்நாமியரான புய் தோங் போங் என்பவருடையது. அவருடைய கட்டுரை வெளிவந்த 1975ஆம் ஆண்டிலேயே அவர் இளவயதில் மறைந்தார். இன்று உலகில் எந்த மாணவர் எந்தக் கோளத்தில் பளபளப்பைச் சேர்த்தாலும் அவர் பெயர் அங்கு உச்சரிக்கப்படுகிறது.

சதுரமுகி பார்வைக்கு எளியது. ஆயினும் செவ்வன் என்று வந்தவுடன் அதுவே சங்கடம் தருகிறது. அதற்கு மூலைகள் எட்டு. ஒவ்வொரு மூலையிலும் மூன்று முகங்கள் சந்திப்பதால், எந்த முகத்தின் செவ்வனை அம்மூலைக்குக் கொடுப்பது என்னும் கேள்வி எழுகிறது. மூன்றையும் கலந்து ஒன்றாக்கினால் கூரிய விளிம்புகள் மழுங்கி, பெட்டி தலையணைபோல் உப்பித் தெரியும். ஆகவே ஒரே இடத்தில் மூன்று உச்சிகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு செவ்வனைக் கொடுத்து, எட்டு மூலைகளுக்கு இருபத்துநான்கு உச்சிகள் எழுதப்படுகின்றன. வரைகலையில் உச்சி என்பது இடத்தின் பெயர் மட்டுமன்று. இடம், செவ்வன், நிறம் ஆகியவற்றின் கட்டு என்பதை மாணவர் உணருமிடம் இதுவே. உருளையின் விளிம்பு வட்டத்திலும் இதே நிலைதான். கூம்பின் நுனி இன்னும் தொல்லை தருவது. அப்புள்ளியில் செவ்வனுக்குத் திசையே இல்லை.

அரைக்கோளத்திலிருந்து கோட்டைக்கு வரலாம். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், பழைய கோட்டையை நீக்கி, ஐந்து மூலைகளிலும் கொத்தளங்கள் துருத்தி நிற்கும் ஐங்கோணிக் கோட்டையை எழுப்பினர். உட்கோட்டை 1680இலும் வெளியரண்கள் 1792இலும் நிறைவுற்றன. மூன்று ஆண்டுகளில் பிரித்தானியர் வந்து அதனைப் பெற்றுக்கொண்டது வேறு கதை. கொத்தளங்களுக்கு ஒல்லாந்து, சீலாந்து முதலிய தங்கள் மாகாணங்களின் பெயர்களையே இட்டிருந்தனர். மேலிருந்து பார்த்தால் இக்கோட்டை கேத்திரகணிதப் புத்தகத்திலிருந்து பெயர்த்துவந்த உருவம்போல் இருக்கும். பீரங்கிக் குண்டு நேராகத் தாக்காதபடியும், மதிலின் எந்தப் பகுதியும் காவலரின் கண்ணுக்கும் துப்பாக்கிக்கும் மறையாதபடியும் கோணங்களைக் கணித்தே அக்காலத்துக் கோட்டைகள் வரையப்பட்டன. ஆகவே அதனைக் கணினியில் வரைபவர், முன்னரே கணிதமாக இருந்த ஒன்றைத் திரும்பவும் கணிதமாக்குகிறார்.

ஐங்கோணியின் மூலைகள் மையத்தைச் சுற்றி 72 பாகைக்கு ஒன்றாக நிற்கின்றன. ஒரு கொத்தளத்துக்கு, மதிலிலிருந்து பிரியும் புள்ளிகள் இரண்டு, தோள்கள் இரண்டு, முன்னே கூர்ந்து நிற்கும் நுனி ஒன்று என ஐந்து புள்ளிகளைக் குறித்தால் போதும். அவ்வைந்தையும் ஐந்து தடவை சுழற்ற, 25 மூலைகளுள்ள ஒரு பல்கோணி கிடைக்கும். அதனை நிலத்திலிருந்து மதிலின் உயரத்துக்குச் சீராக உயர்த்தினால் ஓர் அரியம் உருவாகும். அரியம் என்பது மேலும் கீழும் ஒரே வடிவ முகங்களைக் கொண்டு பக்கங்கள் நிமிர்ந்து நிற்கும் திண்மம். முற்றத்தைத் தோண்டாமல் முழுத்திண்மமாகக் கொண்டால், பக்கங்கள் 25உம் ஐம்பது முக்கோணிகளாகும். மேல்முகத்தில்தான் சிக்கல் தோன்றுகிறது. குழிவற்ற பல்கோணியாயின் ஒரு மூலையிலிருந்து விசிறிபோல் முக்கோணிகளை விரித்துவிடலாம். கொத்தளங்களுக்கு இடையே உள்வாங்கி நிற்கும் கோட்டையில் அவ்விசிறியின் மட்டைகள் மதிலுக்கு வெளியே, அகழியின்மேல் போய் விழும். அதற்குரிய வழி, தன் இரு அயல்மூலைகளையும் இணைக்கும் கோடு பல்கோணிக்கு உள்ளேயே அடங்குகின்ற ஒரு மூலையைத் தேடி, அதனை ஒரு முக்கோணியாக நறுக்கி எடுத்துவிட்டு, எஞ்சியதில் மீண்டும் அதையே செய்வது. எந்தப் பல்கோணியும் இவ்வாறு தன் மூலைகளின் தொகையிலும் இரண்டு குறைந்த முக்கோணிகளாகப் பிரியும். ஆகவே மேலே 23, கீழே 23, பக்கங்களில் 50, மொத்தம் 96. ஒரு கோட்டை முழுவதும் ஒரு சிறிய குவிமாடத்தின் ஐந்திலொரு பங்கு முக்கோணிகளில் அடங்கிவிடுகிறது. நேர்கோடுகளை விரும்பிய ஒல்லாந்துப் பொறியியலாளர் இவ்வகையில் வரைகலைச் செயலிக்கும் உபகாரம் செய்திருக்கின்றனர்.

இங்கு எச்சரிக்கையொன்று தேவை. முக்கோணியின் மூன்று உச்சிகளை எந்த ஒழுங்கில் எழுதுகிறோம் என்பது அற்ப விடயமன்று. வெளியிலிருந்து நோக்கும்போது இடஞ்சுழியாக வரும் முகத்தை முன்முகம் எனவும் வலஞ்சுழியாக வருவதைப் பின்முகம் எனவும் நூலகம் கொள்கிறது. பின்முகங்களை வரையாது விடுமாறு கட்டளையிட்டால் வேலை ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. ஆனால் ஒழுங்கு தவறிய முக்கோணி மதிலில் ஓட்டையாகவே காட்சிதரும். புகழ்பெற்ற அந்தத் தேநீர்க் கெண்டியே குளூட் நூலகத்தில் வலஞ்சுழியாக எழுதப்பட்டிருந்தது என்பதும், பின்முக நீக்கத்தை இயக்கிய மாணவர்களுக்குக் கெண்டியின் உட்புறமே காட்சியளித்தது என்பதும் இத்துறையில் புதிதாய் நுழைவோருக்கு ஆறுதலாகலாம்.

ஒரு கொத்தளத்தை ஐந்து தடவை சுழற்றுவதும், ஒரு குவிமாடத்தைப் பல இடங்களில் நிறுத்துவதும் தாயங்களின் வேலை. சுழற்சியையும் அளவு மாற்றத்தையும் மூன்று நிரை மூன்று நிரல் தாயமொன்றால் பெருக்கிச் செய்துவிடலாம். இடப்பெயர்ச்சி அவ்வாறு அடங்காது. அது பெருக்கலன்று, கூட்டல். மூன்று ஆள்கூறுகளோடு நான்காவதாக 1 என்னும் எண்ணையும் சேர்த்து, நான்கு நிரை நான்கு நிரல் தாயத்தைப் பயன்படுத்தினால் மூன்று மாற்றங்களும் ஒரே பெருக்கலாகிவிடுகின்றன. மோபியஸ் 1827இல் கேத்திரகணிதத்துக்காக வகுத்த இந்த ஏற்பாடு, கணினி வரைகலைக்கென்றே செய்துவைத்ததுபோல் பொருந்திவிட்டது. தொலைவிலுள்ளது சிறுத்துத் தோன்றுவதற்கு வேண்டிய வகுத்தலையும் அந்த நான்காவது எண்ணே சுமக்கிறது. தாயங்களைப் பெருக்கும் ஒழுங்கு மாறினால் விளைவும் மாறும். குவிமாடத்தை முதலில் தன் அச்சில் திருப்பிப் பின்னர் இடம்பெயர்த்தால் அது பெயர்ந்த இடத்தில் திரும்பி நிற்கும். முதலில் பெயர்த்துப் பின்னர் திருப்பினால் வளாகத்தின் நடுவைச் சுற்றி வேறெங்கோ போய் நிற்கும். அளவு மாற்றத்தில் மற்றுமொரு நுட்பம் உண்டு: அரைக்கோளத்தை உயரத்தில் மட்டும் சற்று அமுக்கித் தட்டையாக்கினால், புள்ளிகளை மாற்றிய அதே தாயம் செவ்வன்களைப் பிழையான திசைக்குச் சாய்த்துவிடும். செவ்வன்களுக்கு அத்தாயத்தின் நேர்மாறை எடுத்து, நிரைகளை நிரல்களாக்கிய தாயத்தையே பயன்படுத்தவேண்டும். நூலகத்தைப் பிழைசொல்லி மாணவர் இரவு முழுக்கத் தேடும் வழுக்களுள் இதற்கு முதலிடம் கொடுக்கலாம்.

தாய உருமாற்றங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கப்படுவதை விளக்குவதற்குக் குடாநாட்டுக் கிணற்றடியின் துலாவைப்போன்ற பொருள் கிடைப்பது அரிது. ஆற்றுநீர் இல்லாத இந்நிலத்தில், நீரிறைக்கும் இயந்திரங்கள் வருமுன், தோட்டங்களை வாழவைத்த கருவி அது. நிலத்தில் ஊன்றிய ஆடுகால்கள் இரண்டு. அவற்றுக்குக் குறுக்கே அச்சுலக்கை. அதன்மேல் ஏறி இறங்கும் நீண்ட துலா. துலாவின் நுனியிலிருந்து தொங்கும் துலாக்கொடி. கொடியின் முனையில் பனையோலைப் பட்டை. துலா ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த உருளை. வேறு சொற்களில், நுனி வெட்டிய நெடுங்கூம்பு. வரைபவர் முதலில் ஆடுகால்களின் இடத்தை ஒரு தாயத்தால் நிறுத்துகிறார். துலாவின் சுழற்சி அச்சுலக்கையைப் பற்றியதாகையால், அது ஆடுகால்களின் தாயத்துக்கு உட்பட்ட இன்னொரு தாயமாகிறது. கொடி துலாவின் நுனிக்கு உட்பட்டது. பட்டை கொடிக்கு உட்பட்டது. மேலே உள்ளதை அசைத்தால் கீழே உள்ளவை யாவும் தாமாக அசையும். ஆகவே முழுத்துலாவையும் வேறொரு கிணற்றுக்குக் கொண்டுசெல்ல ஆடுகால்களின் தாயத்தை மாற்றினாலே போதும்.

ஆயினும் இந்த அடுக்குமுறை முற்றிலும் வசதியானதன்று. துலா 30 பாகை சாயும்போது கொடியும் 30 பாகை சாய்ந்துவிடும். உண்மையில் கொடியோ புவியீர்ப்பால் எப்போதும் நிலைக்குத்தாகவே தொங்குகிறது. எனவே நுனியை அடைந்தபின் துலா திரும்பிய அதே கோணத்தால் எதிர்த்திசையில் ஒருமுறை சுழற்றி, அதன்பிறகே கொடியை வரையவேண்டும். உயிருள்ள கை, கால், விரல் ஆகியவற்றை அசைக்கும் இயங்குபடக் கலையும் இதே அடுக்குமுறையில்தான் இயங்குகிறது. துலாவின்மேல் முன்னும் பின்னுமாக நடந்து மிதித்த மனிதரையும் வரையப் புகுந்தால், அவருடைய பாதம் துலாவின் தாயத்துக்கும் உடல் நிலைக்குத்துக்கும் கட்டுப்பட்டவையாக, பாடம் இன்னும் ஒருபடி கடினமாகும்.

கோவில்களை விரைந்து கடக்கலாம். நல்லூரிலும் பிற இடங்களிலும் கோபுரத்தின் உடல், ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறுத்துச்செல்லும் நுனிவெட்டிய கூம்பகங்கள். அதன் தலையில் கிடைமட்டமாகப் படுத்த அரை உருளை. அதன்மேலுள்ள கலசங்களே சுவையானவை. பக்கத்தோற்றக் கோடொன்றை வரைந்து, அக்கோட்டை நிலைக்குத்து அச்சைச் சுற்றிச் சுழற்றினால் கலசத்தின் முழு உருவமும் பிறந்துவிடும். கோளமும் உருளையும் கூம்பும் இதே முறைக்குள் அடங்கும் தனிவகைகளே: சுழலும் கோடு வட்டவில்லாயின் கோளம், அச்சுக்குச் சமாந்தரமாயின் உருளை, சாய்ந்த நேர்கோடாயின் கூம்பு. 1981இல் எரிக்கப்பட்டுப் பின்னர் மீளக் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் குவிமாடத்தையும் இம்முறையிலேயே, அரைக்கோளமென்று முன்கூட்டி முடிவுசெய்யாமல், படத்திலிருந்து அளந்த பக்கக்கோட்டைக் கொண்டு எழுப்புவது நன்று.

எது முன்னே, எது பின்னே என்பதை நூலகம் தீர்மானிக்கும் முறையையும் சொல்லவேண்டும். எட்வின் கட்மல் 1974இல் தம் ஆய்வேட்டில் விளக்கிய வழியின்படி, திரையின் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் நிறத்தோடு ஆழத்தையும் பதிந்துவைத்து, புதிதாக வரும் முக்கோணி முன்னதைவிட அண்மையில் இருந்தால் மட்டுமே பழைய நிறம் அழிக்கப்படுகிறது. ஆழ இடையகம் எனப்படும் இப்பதிவின் நுண்மை தூரம் முழுவதும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. காட்சியின் அண்மை எல்லையை 10 சென்ரிமீற்றர் எனவும் சேய்மை எல்லையை ஒரு கிலோமீற்றர் எனவும் வைத்தால், பதிவெண்களிற் பாதி முதல் 20 சென்ரிமீற்றருக்குள்ளேயே செலவாகிவிடுகின்றன. கோட்டையைத் தூரத்திலிருந்து நோக்கும்போது மதிலும் அதற்குச் சற்றுப் பின்னுள்ள சுவரும் ஒன்றையொன்று முந்தி மினுங்கத் தொடங்கும். அண்மை எல்லையை ஒரு மீற்றருக்குத் தள்ளினாலே தூரத்து நுண்மை ஏறத்தாழப் பத்து மடங்காகும். சேய்மை எல்லையைக் குறைப்பதால் அத்தகைய பயன் கிடைப்பதில்லை.

எஞ்சுவது, இப்போது முழுமையாக நில்லாத ஒரு கட்டடம். கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் எழுப்பிய தேவாலயம், நான்கு கைகளும் சமமான சிலுவையின் வடிவினது. போர்க்காலத்தில் அது இடிந்தழிந்தது. அதன் உடலை வரைவதற்கு, ஒன்றையொன்று குறுக்கிடும் இரண்டு கனவுருக்கள் போதும் என்று தோன்றும். கனவுரு ஒன்றுக்குப் பன்னிரண்டாக 24 முக்கோணிகளில் வேலை முடிந்துவிடும்; ஆனால் வெட்டுமிடத்தில் இரண்டின் மேல்முகங்களும் ஒரே தளத்தில் விழுந்து, நிறம் வேறுபட்டால் மினுங்கும்; உள்ளே நுழைந்து நோக்குபவருக்கு நடுவில் இருக்கக்கூடாத சுவர்கள் குறுக்கே நிற்கும். சிலுவையையே 12 மூலைகளுள்ள ஒரு பல்கோணியாகக் கொண்டு அரியமாக உயர்த்தினால் 44 முக்கோணிகள் ஆகும். செலவு கூடினாலும் அதுவே சரியான கட்டுமானம். 24 உச்சிகள், 66 விளிம்புகள், 44 முகங்கள் என்று ஓயிலரின் விதியும் அதற்குச் சான்று பகர்கிறது.

கூரையின் சாய்வு, சாளரங்களின் உயரம், சுவரின் தடிப்பு ஆகியவற்றைப் பழைய வரைபடங்களிலிருந்தும் ஒளிப்படங்களிலிருந்தும் எஞ்சிய சுவரடிகளிலிருந்தும் எடுக்கவேண்டியிருக்கும். சில எடுக்கக் கிடைக்கா, ஊகிக்கப்படும். அளந்த சுவரையும் ஊகித்த சுவரையும் வரைகலைச் செயலி ஒரே உறுதியோடு, ஒரே ஒளியில் காட்டிவிடும் என்பதே இவ்வகை மீளமைப்புகளின் பெருங்குறை. தொல்பொருட் கட்டடங்களைக் கணினியில் மீளமைப்போருக்கென 2006இல் வரைவாகி, 2009இல் திருத்தப்பட்ட இலண்டன் சாசனம், எது சான்று எது ஊகம் என்பது பார்ப்பவருக்குத் தெரியவேண்டும் என வற்புறுத்துகிறது. அதனை நிறைவேற்றுவதற்குப் புதிய நூலகமெதுவும் தேவையில்லை. ஒவ்வோர் உச்சியோடும் இடத்துக்கு மூன்று எண்களும் செவ்வனுக்கு மூன்று எண்களும் அனுப்பப்படுகின்றன. ஏழாவதாக ஓர் எண்ணைச் சேர்த்து, அளந்ததற்கு 1, படத்திலிருந்து கணித்ததற்கு 0.5, ஊகித்ததற்கு 0 என எழுதிவைத்தால், ஷேடரில் ஒரே வரியைக் கூட்டி, ஊகச் சுவர்களை வெளிறிய நிறத்தில் காட்டிவிடலாம். பின்னொருநாள் புதிய அளவீடு கிடைக்கும்போது அந்த எண்ணையும் அதற்குரிய ஆள்கூறுகளையும் மட்டும் மாற்றினால் போதும்.